ஆச்சியின் சேலை ஏன் நீண்டது

எங்கள் ஆச்சி கடைசிப் பத்து வருஷமும் சேலை நெய்கிறவர்களைக் குறை சொல்லிக்கொண்டே இருந்தாள். "முன்னமாதிரியா நெய்யுதாங்க? அகலத்தக் கூட்டிட்டாங்க. கரை தரையப் பெருக்குது பாரு" என்பாள். இடுப்பில் ஒரு மடிப்பு மடித்துச் செருகிக்கொள்வாள். ஒன்றிரண்டு வருஷத்தில் அது போதாமல் இன்னொரு மடிப்பு. சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் வீட்டு நடுக்கூடத்துச் சுவரில் ஒரு விளக்கு மாடம் உண்டு. கல்யாணமாகி வந்த நாளில் நின்றவாக்கில் கையை உயர்த்தி அதில் அகல் ஏற்றியவள், எனக்கு நினைவு தெரிந்தபோது குதிகாலை எக்கித்தான் ஏற்றினாள். பிறகு முக்காலி வந்தது. அதன்பிறகு விளக்கேற்றும் வேலையே என்னிடம் வந்துவிட்டது. சேலையின் அகலமும் மாடத்தின் உயரமும் இருந்தபடியேதான் இருந்தன. குறைந்துகொண்டிருந்தவள் ஆச்சி. எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஓர் ஐப்பசி மழைநாளில், துவைத்த துணி வாளியைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நடுமுதுகில் 'சுருக்'கென்றது என்றாள். வாயுப் பிடிப்பு என்று முடிவானது. தைலம் தேய்த்தோம், தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தோம். மூன்று வாரம் கட்டிலில் கிடந்தாள். எழுந்து நடந்தபோது எல்லோருக்கும் நிம்மதி. முதுகு லேசாக வளைந்திருந்ததை யாரும் பேசவில்லை. இரண்டு வருஷம் கழித்து அதேபோல் இன்னொரு பிடிப்பு வந்தது, இன்னும் கொஞ்சம் வளைந்தாள். கடைசியில் அவள் எங்களைப் பார்ப்பதற்குக் கழுத்தைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டியிருந்தது.

அந்தச் 'சுருக்' ஓர் எலும்பு முறிந்த சத்தம் என்பது எனக்கு முப்பது வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. முள்ளெலும்பு ஒன்று தன் மேலிருக்கும் உடம்பின் எடையைத் தாங்காமல் முன்பக்கம் நசுங்கி, ஆப்பு வடிவத்துக்கு வந்துவிடுகிறது. இப்படி இரண்டு மூன்று ஆப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்தால் அதுதான் கூன். உயரம் குறைகிறது, விலா எலும்புகள் இடுப்பை நோக்கி இறங்குகின்றன, வயிறு முன்னால் தள்ளுகிறது, நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிட்டது போலாகிறது. ஆச்சி கடைசிக் காலத்தில் குருவி மாதிரி சாப்பிட்டாள். அதையும் வயசு என்றே நினைத்தோம். முதுகெலும்பு முறிவுகளில் மூன்றில் இரண்டு பங்கு மருத்துவர் கண்ணுக்கே வருவதில்லை. தைலத்தோடு முடிந்துபோகின்றன.

கூனை நோயாகப் பார்க்க நம் கண்கள் பழகவில்லை. ஔவையை நினைத்தால் கூடவே கையில் தடியும் வந்துவிடுகிறது. புறநானூற்றில் ஒரு முதியவர், இளமையில் மருதமரக் கிளையேறி ஆழ்மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்ததை நினைத்து ஏங்குகிறார். இப்போதோ தடியூன்றி, உடல் நடுங்கி, இருமலுக்கு இடையில் சில சொற்கள் பேசுகிறார். அவருடைய சொந்தப் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வரும் அந்த ஊன்றுகோலே பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் ஆனார். ஈராயிரம் ஆண்டுகளாக முதுமைக்கு நாம் வரைந்து வைத்திருக்கும் சித்திரம் இது. உருக்கமான சித்திரம்தான். ஆனால் அதில் ஒரு பகுதி முதுமையின் விதியில்லை, தடுக்கக்கூடிய ஒரு நோய் என்பதை அறிந்த தலைமுறை நாம். அறிந்த பிறகும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியாது.

இந்த நோய்க்குத் தமிழில் எலும்புப்புரை என்று பெயரிட்டவர் யாரோ, அவருக்கு என் வணக்கம். மேலே ஆறியதுபோலத் தோன்றி உள்ளே குழிபறித்துக்கொண்டு போகும் புண்ணைப் புரையோடிவிட்டது என்போம். இந்த நோயும் அப்படியேதான். எலும்பு வெளியிலிருந்து பார்க்க அதே அளவில் இருக்கும். உள்ளே இருக்கும் தேன்கூட்டுக் கண்ணறைகளின் சுவர்கள் மெலிந்து, அறுந்து, வெற்றிடமாகியிருக்கும். 1830களில் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து ழான் லோப்ஸ்டைன் என்ற மருத்துவர் இதற்கு வைத்த ஆஸ்டியோபோரோசிஸ் என்ற பெயருக்கும் துளைகள் விழுந்த எலும்பு என்றுதான் பொருள். ஆனால் நம் வீடுகளில் புழங்கும் சொல் 'எலும்பு தேய்மானம்'. இந்தச் சொல் பெரிய கேடு செய்கிறது. முழங்கால் மூட்டு தேய்வதையும் எலும்பு புரையோடுவதையும் ஒரே பையில் போட்டுவிடுகிறது. மூட்டுத் தேய்மானம் வலிக்கும், வலி நம்மை மருத்துவரிடம் கூட்டிப்போகும். எலும்புப்புரை முறியும்வரை வலிக்காது. வலியே இல்லாத நோய்க்கு யார் டோக்கன் போட்டுக் காத்திருப்பார்கள்?

எலும்பைச் சுவரில் பதித்த கருங்கல்போல நினைப்பதிலிருந்தே நம் தவறு தொடங்குகிறது. உண்மையில் அது கீற்றுக் கொட்டகை மாதிரி. வருஷா வருஷம் பழைய கீற்றைப் பிரித்து எறிந்து புதுக்கீற்று வேய்வதுபோல, உடம்பு எலும்பைக் கரைத்துக் கரைத்துக் கட்டிக்கொண்டே இருக்கிறது. கரைக்க ஒருவகைச் செல், கட்ட ஒருவகைச் செல். வளர்ந்த மனிதரின் எலும்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஒவ்வோர் ஆண்டும் இப்படிப் புதிதாகிறது. முப்பது வயதுவரை வேய்வது அதிகம், பிரிப்பது குறைவு. அதன்பிறகு கணக்கு மெல்ல மாறுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும்போது தலைகீழாகிறது. பிரிப்பவர்களை அதுவரை அடக்கி வைத்திருந்தது ஈஸ்ட்ரோஜன். அது வற்றியதும் அவர்களைத் தடுக்க ஆளில்லை. நின்றபின் வரும் ஐந்தாறு வருஷங்களில் மட்டும் ஐந்தில் ஒரு பங்கு எலும்புவரை இழந்துவிடும் பெண்கள் உண்டு. மாதவிடாய் நிற்பதையும் எலும்பு மெலிவதையும் 1940களின் தொடக்கத்தில் பாஸ்டனில் சேர்த்துப் பார்த்துச் சொன்னவர் ஃபுல்லர் ஆல்பிரைட். மேற்கு நாடுகளில் 51 வயதையொட்டி நிற்பது, இந்தியப் பெண்களுக்கு 46, 47இலேயே நின்றுவிடுகிறது. நம் பெண்களின் எலும்பு நாலைந்து வருஷம் முன்னதாகவே காவலை இழக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. 2019இல் மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்கள் பற்றிய செய்தி வந்தது. இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருந்த பலருக்குக் கருப்பை எடுக்கப்பட்டிருந்தது. வேலைக்குப் போகாத நாளுக்கு அபராதம், மாதவிடாய் வந்தால் கூலி போகும் என்ற நிலை. கருப்பையோடு சூலகத்தையும் எடுத்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கே மாதவிடாய் நின்றுவிட்டது என்று அர்த்தம். முப்பது வயதில் தொடங்கும் எலும்பிழப்பு அறுபதில் எங்கே போய் நிற்கும்? "ரெண்டு புள்ள பெத்தாச்சு, இனி அது எதுக்கு" என்று நம் ஊரிலும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். எலும்புக்குச் சூலகம் தேவை.

இனி என் அம்மாவைப் பற்றி. அப்பா போனபின் அம்மாவைச் சென்னைக்கு அழைத்துவந்தேன். அப்போது அவளுக்கு வயது 57. ஊரில் கிணற்றில் இறைத்து, இடுப்பில் குடம் சுமந்து, வாசலில் குந்திக் கோலம் போட்டு, ஆட்டுரலில் குழவி சுற்றி வாழ்ந்தவள். எங்களுடையது மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு, கிரைண்டர் உண்டு, பாத்திரத்துக்கு ஆள் உண்டு. அம்மா எதையாவது எடுக்க எழுந்தால் போதும், "நீ சும்மா உக்காரும்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்பேன். வாயால் சொல்வதோடு நிற்காமல் தோளைப் பிடித்து உட்கார வைப்பேன். வாழ்நாள் முழுக்க உழைத்தவளுக்கு ஓய்வு கொடுப்பது என் கடமை என்று நினைத்தேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் மெச்சினார்கள்.

எலும்பு தன்மேல் விழும் பாரத்தைக் கேட்டு அதற்கேற்பத் தன்னைக் கட்டிக்கொள்கிறது என்பதை 1892இலேயே பெர்லினில் யூலியுஸ் வோல்ஃப் என்ற அறுவை மருத்துவர் புத்தகமாக எழுதிவைத்துவிட்டார். டென்னிஸ் ஆடுகிறவர்களின் மட்டை பிடிக்கும் கையில் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். எடையற்ற விண்வெளியில் மிதப்பவர்களுக்கு இடுப்பெலும்பு மாதம் 1 முதல் 1.5 விழுக்காடு குறைந்துகொண்டே போகிறது. அதனால்தான் அவர்கள் அங்கே தினமும் மணிக்கணக்கில் உடற்பயிற்சி செய்கிறார்கள். பாரம் விழாத எலும்பை உடம்பு வீண்செலவு என்று கருதிக் கரைத்துவிடுகிறது. நான் அம்மாவை நாற்காலியில் உட்கார வைத்தபோது, இனி உனக்கு எலும்பு வேண்டாம் என்றுதான் அவள் உடம்புக்குச் சொல்லியிருக்கிறேன்.

இதனால் பழைய காலம்தான் நல்லது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கிணற்றடியில் கழிந்த காலத்தில்தான் ஆச்சி கூனிப்போனாள். எட்டுப் பிள்ளைகள் பெற்றாள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருஷம் பாலூட்டினாள், எல்லோரும் சாப்பிட்டு மிஞ்சியதைக் கடைசியில் சாப்பிட்டாள். உழைப்பு மட்டும் எலும்பாகாது. கட்டுவதற்குப் பொருளும் வேண்டும். அம்மாவுக்குப் பொருள் கிடைத்தது, பாரம் போய்விட்டது.

59 வயதில் அம்மா குளியலறைப் படியில் இடறிக் கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு முறிந்தது. கீழே விழும்போது ஊன்றிய கை முறியும் இந்த முறிவை டப்ளின் மருத்துவர் ஏபிரகாம் காலிஸ் 1814இலேயே விவரித்திருக்கிறார். ஐம்பதுகளில் மணிக்கட்டு, அறுபதுகளில் முதுகு, எழுபதுகளில் இடுப்பு என்று எலும்புப்புரை படியேறி வருவது வழக்கம். மணிக்கட்டு அதன் முதல் மணியோசை. நின்ற உயரத்திலிருந்து விழுந்து எலும்பு முறிந்தால், விழுந்ததைக் காரணம் காட்டி விட்டுவிடக் கூடாது. எலும்பைச் சந்தேகிக்க வேண்டும். அம்மாவுக்கு ஆறு வாரம் மாவுக்கட்டு போட்டார்கள், பிரித்தார்கள், அனுப்பிவிட்டார்கள். எலும்பின் திண்மையைப் பாருங்கள் என்று கட்டுப்போட்ட மருத்துவமனையில் ஒருவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. உறவுக்காரர்கள் ஆட்டுக்கால் சூப்பு கொண்டுவந்தார்கள். எலும்புக்கு எலும்பு என்ற கணக்கு. மணிக்கணக்கில் கொதிக்க வைத்தாலும் அந்தத் தண்ணீரில் இறங்கும் கால்சியம் மிகச் சொற்பம். கொண்டுவந்தவர்களின் அன்பு சொற்பமில்லை, அதை நான் மறக்கவில்லை.

71 வயதில் இடுப்பு. இரவு இரண்டு மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தாள். விளக்கைப் போட்டால் என் தூக்கம் கெடுமே என்று போடவில்லை. உயரம் குறைந்திருந்த அவளுக்கு நைட்டி பாதத்துக்குக் கீழே இழுபட்டுக்கொண்டிருந்தது. ஆச்சியின் சேலையைப் பார்த்து வளர்ந்த எனக்கே அது கண்ணில் படவில்லை. விளிம்பு காலில் சிக்கியது, தரை ஈரம், தொடையெலும்பின் கழுத்து முறிந்தது. ஆந்திரத்துப் புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போடலாம் என்றார் ஒரு பெரியவர். கையில் காலில் அடிபட்டால் அங்கே நம்பிப் போகிறவர்கள் தலைமுறைகளாக உண்டு. இடுப்பெலும்பு முறிவில் அப்படிக் காத்திருக்கக் கூடாது. ஓரிரு நாளுக்குள் அறுவை செய்து எழுப்பி நிறுத்த வேண்டும். படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் படுக்கைப்புண் வரும். எல்லா வசதியும் உள்ள நாடுகளிலேயே இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவர் ஓராண்டுக்குள் இறந்துபோகிறார். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்தாங்க, அதுலருந்து எந்திரிக்கவே இல்ல" என்று எத்தனை துக்க வீட்டில் கேட்டிருக்கிறோம்!

அம்மா எழுந்துவிட்டாள். அறுவைக்கு மறுநாளே பிசியோதெரபி செய்ய வந்த பெண் அவளை வாக்கரைப் பிடித்து நிற்க வைத்தாள். நான் என் பழக்கத்தில் "பாத்து, உக்காரும்மா" என்று பதறினேன். அந்தப் பெண் என்னிடம் திரும்பி, "அக்கா, நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்றாள். அவள் வயதுக்கு அது துணிச்சலான சொல். நான் கேட்ட மருத்துவ அறிவுரைகளில் மிகச் சிறந்ததும் அதுதான்.

இப்போது அம்மாவுக்கு 74. நாற்காலியில் கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருகிறாள், காலையும் மாலையும். அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்கிறாள். அரைக் கிலோவில் தொடங்கி இப்போது இரண்டு கிலோ தூக்குகிறாள். ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தில் எலும்பு மெலிந்த, மாதவிடாய் நின்ற பெண்களை வாரம் இருமுறை அரைமணி நேரம், கண்காணிப்போடு கனமான எடை தூக்க வைத்துப் பார்த்தார்கள். 2018இல் அச்சில் வந்த அந்த ஆய்வில், எட்டு மாதத்தில் அவர்களின் முதுகெலும்புத் திண்மை கூடியிருந்தது. கனம் தூக்காத பெண்களுக்குக் குறைந்திருந்தது. அறுபது தாண்டிய எலும்பும் பாரத்தைக் கேட்கிறது. ஆனால் ஒன்று: முதுகெலும்பு ஏற்கெனவே நசுங்கியவர்கள் முன்னால் குனிந்து தூக்குவதும், கால் கட்டைவிரலைத் தொடக் குனியும் ஆசனங்களும் ஆபத்து. கற்றவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் தொடங்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர். மற்றப் பெரியவர்களுக்கு 1000. 100 கிராம் அரிசியில் இருப்பது சுமார் 10 மில்லிகிராம். அதே எடைக் கேழ்வரகில் 350 அளவுக்கு இருக்கிறது. கேழ்வரகிலிருந்து வெள்ளை அரிசிக்கு மாறியதை நாம் வசதி வந்துவிட்டதன் அடையாளமாகக் கொண்டாடினோம். கேப்பைக்கூழ் என்றால் இல்லாதவர் வீட்டுச் சாப்பாடு என்று ஆச்சியே முகம் சுளிப்பாள். புளிக்க வைத்துக் காய்ச்சுவது சத்து உடம்பில் சேர உதவும் என்பது கூழ் காய்ச்சியவர்களின் கைப்பழக்கத்திலேயே இருந்தது. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட நியாயவிலைக் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியதை எலும்புக்கான திட்டமாகவே நான் பார்க்கிறேன். ஒரு டம்ளர் பாலில் 240 மில்லிகிராம் அளவு. முருங்கைக்கீரை, அகத்திக்கீரை, தோலோடு இருக்கும் கறுப்பு எள், முள்ளோடு மென்று தின்னும் நெத்திலி எல்லாம் கை கொடுக்கும். பாலக்கீரையை மட்டும் இந்தக் கணக்கில் நம்ப வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் போகும். ரசஞ்சோறும் ஊறுகாயுமாக ஒருவேளையை ஓட்டும் முதியவர்கள்மேல் எனக்குப் பெரிய கவலை: உப்பு கூடுகிறது, புரதமோ இல்லவே இல்லை.

பிரண்டையைப் பற்றிக் கேட்பார்கள். கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவை ஒடித்து நாரை உரித்தால், எலும்பு மூட்டு மாதிரியேதான் இருக்கும். அரிப்புப் போகப் புளி சேர்த்து வதக்கி அரைத்த ஆச்சியின் துவையலை இன்றும் நான் செய்கிறேன். விலங்குகளில் நடந்த ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. மனிதரிடம் கிடைத்த சான்று சிறிது. ஆகவே அது துவையலாக இருக்கட்டும், மருந்தின் இடத்தில் உட்கார வேண்டாம்.

வெயில் கொட்டும் நாட்டில் வைட்டமின் டி பற்றாக்குறை ஏன் என்றால், நாம் வெயிலில் இருக்கும் நேரம் தவறு. காலை ஆறு மணி நடையின் இளவெயிலில் எலும்புக்கு வேண்டிய கதிர் அநேகமாக இல்லை. திருப்பதி மருத்துவர்கள் ஆராய்ந்து கண்டது பகல் 11 முதல் 2 வரை. மொட்டை மாடியில் அம்மா வத்தல் போட்டுக் காக்கை விரட்டிய நேரம் அது. நிழல் நம் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அது எலும்புக்கான வெயில். மூடிய கண்ணாடி ஜன்னல் வழியே வருவது உதவாது. கோடையில் மயங்கி விழும்படி நிற்கவும் கூடாது, கொஞ்ச நேரம் போதும். மாத்திரையாக எடுப்பவர்கள் மருத்துவர் சொன்ன அளவை மீற வேண்டாம். ஆண்டுக்கு ஒரே முறை 5 லட்சம் அலகு கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வில், முதிய பெண்கள் குறைவாக விழுவதற்குப் பதில் அதிகமாக விழுந்தார்கள், அதிகமாக முறிந்தது. அந்த ஆய்வு 2010இல் வெளியானது.

மருந்துகள் இருக்கின்றன. வாரம் ஒரு மாத்திரை, ஆண்டுக்கு ஓர் ஊசி, ஆறு மாதத்துக்கு ஓர் ஊசி. அந்த ஆறு மாத ஊசியை மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்தினால் முதுகெலும்புகள் வரிசையாக முறியலாம் என்பதை மட்டும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மருந்துகளால் தாடையெலும்பு அரித்துப்போகும் என்று வாட்ஸ்அப்பில் வரும் பயம் முற்றிலும் பொய்யில்லை, ஆனால் மிக அரிது. முறிவு அரிதே இல்லை. ஆண்களும் இதைப் படித்துவிட்டு மனைவியிடம் நீட்டிவிட வேண்டாம். ஐம்பது கடந்த ஆண்களில் ஐந்தில் ஒருவருக்கு எலும்புப்புரை முறிவு வருகிறது என்பது உலகக் கணக்கு. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்தவர்கள், புகையும் குடியும் உள்ளவர்கள் முன்வரிசையில் இருக்கிறார்கள்.

எனக்கு வயது 52. சென்ற வருஷம் எலும்பின் திண்மையை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்துக்கொண்டேன். குடியிருப்பு வளாகங்களில் குதிகாலை ஒரு பெட்டிக்குள் வைத்துப் பார்க்கிறார்களே, அது முன்னோட்டம்தான், அதை வைத்து நோயை முடிவுசெய்ய முடியாது. டெக்ஸாவில் மேசைமேல் மல்லாந்து படுத்தால் பத்து நிமிஷம், மேலே ஒரு கை மெதுவாக நகர்ந்து போகும், அவ்வளவுதான். அதில் வரும் மதிப்பெண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை என்பது உலக சுகாதார நிறுவனம் 1994இல் வகுத்த எல்லை. எனக்கு மைனஸ் 1.8 வந்தது. ஆச்சியும் அம்மாவும் போன வழியில் நானும் பாதி வந்துவிட்டேன். லிஃப்டை விட்டேன். அம்மாவோடு சேர்ந்து எடை தூக்குகிறேன். சாப்பிட்ட தட்டை அவளே கழுவுகிறாள், நான் வாங்கப் போவதில்லை. குளியலறையில் கைப்பிடி வைத்தாயிற்று, இரவு விளக்கு எரிகிறது, நைட்டிகளைக் கணுக்கால் தெரியத் தைத்துவிட்டேன்.

பிள்ளைகள் வளரும்போது சுவரில் பென்சிலால் கோடு போட்டு, தேதி எழுதி, அரை அங்குலம் கூடினாலும் கொண்டாடுகிறோம். அந்தச் சுவரில் உங்கள் அம்மாவையும் அப்பாவையும் நிறுத்தி ஒரு கோடு போடுங்கள். அவர்களின் இளவயது உயரம் தெரிந்தால் பக்கத்தில் எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். இளமையிலிருந்த உயரத்தில் நாலு சென்டிமீட்டர் குறைந்திருந்தால், அல்லது போட்ட கோட்டுக்குக் கீழே இரண்டு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால், தைலம் வாங்கப் போகாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிப்போய் முதுகெலும்பைப் படம் எடுக்கச் சொல்லுங்கள்.